திருநர் விருதுகள்: என் ஜெராக்ஸ் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு டைப் செய்வது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, போட்டோவின் சைஸைக் குறைத்து ஏற்றுவது எல்லாம் நடக்கும். நானும் திருநங்கை என்பதால் ஜனவரி பிறந்தாலே "அக்கா, விருதுக்குப் போடணும்" என்று யாராவது வந்துவிடுவார்கள். அப்புறம் ஜூன் மாதம் பிரைடு என்ற சுயமரியாதைப் பேரணி நடத்தும் பிள்ளைகள் வருவார்கள். கேள்விகள் எல்லாம் திரும்பத் திரும்ப வருபவைதான். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

அக்கா, விருது விருதுன்னு சொல்றாங்களே, அது ஒண்ணுதானா? நிறைய இருக்கா?

மூன்று வகை இருக்கிறது. ஒன்று, தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் திருநருக்குக் கொடுப்பது. இன்னொன்று, பத்ம விருது போல எல்லோருக்கும் பொதுவாக இருந்து நம்மவர்களுக்கும் கிடைக்கும் விருதுகள். மூன்றாவது, நம் சங்கங்களும் பிரைடு குழுக்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவை. முதல் வகைக்கு நாமே விண்ணப்பிக்கலாம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் யாராவது பரிந்துரைப்பார்கள். மூன்றாவதில் காகிதம் குறைவு, ஆள் சொல்வதுதான் கணக்கு. கடைக்கு வரும் குழப்பத்தில் பாதி, இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருவது.

இந்தப் பக்கத்தில் 'திருநர்' என்று எழுதுவது திருநங்கை, திருநம்பி (பெண் என்று வளர்க்கப்பட்டு ஆணாகத் தன்னை உணர்பவர்) எல்லோரையும் சேர்த்து. 'பால்புதுமையர்' என்றால் அவர்களோடு தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், இருபாலீர்ப்பு உள்ளவர்கள், இடைபால் மக்கள் (பிறப்பிலேயே உடல் ஆண், பெண் என்ற இரண்டு அச்சிலும் முழுசாக அடங்காதவர்கள்) எல்லோரும். அரசுக் காகிதத்தில் 'மூன்றாம் பாலினர்' என்று வரும். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. முதல் இரண்டு இடத்தை யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் படிவத்தில் அதுதான் இருக்கிறது.

ஏப்ரல் 15ல தான் குடுப்பாங்களாமே, அது சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த நாள்தானே?

தீர்ப்பு வந்த நாளும் அதுதான். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டு என்று சொன்னது. ஆனால் நம் ஊரில் அந்த நாள் அதற்கு முந்தியது. 2008 ஏப்ரல் 15 அன்றுதான் தமிழ்நாட்டில் நல வாரியம் தொடங்கியது, அப்போது அதன் பெயர் அரவாணிகள் நல வாரியம். 2011இல் அந்த நாளைத் திருநங்கையர் தினமாக அரசு அறிவித்தது. டெல்லித் தீர்ப்பு அதே தேதியில் வந்து விழுந்தது தற்செயல். இதைத் தலைகீழாகச் சொல்லும் மேடைப் பேச்சுகளை நிறையக் கேட்டாயிற்று.

விழா தேதி அங்கே இங்கே நகரும். தேர்தல், சட்டசபை என்று ஏதாவது குறுக்கே வந்தால் விருது பின்னால் ஒரு நாளில் கையில் வரும். அதனால் ஏப்ரல் 15க்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டு உட்கார வேண்டாம்.

எவ்வளவு தருவாங்க? எத்தன பேருக்கு?

ஒரு லட்ச ரூபாய்க் காசோலையும் ஒரு சான்றிதழும். முதல் விருது 2021ஆம் ஆண்டுக்கானது, தூத்துக்குடியைச் சேர்ந்த கிரேஸ் பானு பெற்றார். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் இடம் வாங்கிய முதல் திருநங்கை அவர். தலித் திருநர்களின் இட ஒதுக்கீட்டுக்காக இன்றுவரை அரசை எதிர்த்துக் கேட்பவரும் அவர்தான். விருது கொடுத்த கையையே கேள்வி கேட்கிறார். அது எனக்குப் பிடித்திருக்கிறது. 2024இல் கன்னியாகுமரி மாவட்டத்து வில்லிசைக் கலைஞர் சந்தியா தேவிக்குக் கிடைத்தது.

எண்ணிக்கையைக் கேட்டால் மனசு கொஞ்சம் சுருங்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் இரண்டிலும் சேராத 'மற்றவர்' என்று தமிழ்நாட்டில் பதிவானவர்கள் 22,364 பேர். பதியாதவர்கள் எத்தனையோ. மாநிலம் முழுக்க வருடத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு மேல் கிடைக்காது. கிடைக்கவில்லை என்றால் உங்கள் வேலை மட்டம் என்று அர்த்தம் இல்லை, கணக்கு அப்படி.

யார் யார் போடலாம்? என்ன ரூல்ஸ்?

அறிவிப்பு வழக்கமாக ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வரும். மாவட்ட ஆட்சியர் பெயரில் செய்தித்தாள்களிலும் வரும். இதுவரை வந்த அறிவிப்புகளில் மூன்று நிபந்தனைகள் முக்கியமானவை. அரசு உதவி பெறாமல் சொந்தமாக முன்னேறியிருக்க வேண்டும். குறைந்தது ஐந்து திருநங்கைகள் பிழைப்பு தேடிக்கொண்டு கண்ணியமாக வாழ உதவியிருக்க வேண்டும். திருநங்கைகள் நல வாரியத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது.

விண்ணப்பத்தை அரசின் விருதுகள் இணையதளத்தில் பதிந்துவிட்டு, கருத்துருவை, அதாவது எல்லாக் காகிதமும் சேர்ந்த கோப்பை, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கையிலும் கொடுக்க வேண்டும். தன்விவரம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, உங்களைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு, இதற்கு முன் வாங்கிய விருதுகள் இருந்தால் அதன் நகல், செய்த சேவை பற்றிய விவரம், உங்கள் மேல் குற்ற வழக்கு இல்லை என்று காவல் நிலையச் சான்று. தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்பார்கள். அந்தந்த வருட அறிவிப்பை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள், போன வருடத்துக் காகிதத்தை வைத்துக்கொண்டு வந்து மல்லுக்கட்டாதீர்கள்.

நான் வாரியத்து அட்டை வெச்சிருக்கேன். அப்போ நான் உறுப்பினர்தானே, எனக்குக் கிடையாதா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. நான் புரிந்துகொண்டது இது: அடையாள அட்டை வைத்திருப்பவர் வாரியத்தில் பதிவு செய்த பயனாளி. வாரிய உறுப்பினர் என்பவர், வாரியக் கூட்டத்தில் உட்கார்ந்து முடிவெடுக்க அரசு நியமித்தவர். நிபந்தனை தடுப்பது இரண்டாமவரை. முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவரே விருதும் வாங்கக் கூடாது என்பது நியாயமான விதிதான்.

ஆனால் 'உறுப்பினர்' என்ற ஒரு சொல்லை இரண்டு இடத்திலும் போட்டு எழுதினால் கவுண்டரில் இருப்பவர் தன் இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்வார். அதனால் வாயால் கேட்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில், "நான் அடையாள அட்டை மட்டும் வைத்திருக்கிறேன், நியமன உறுப்பினர் அல்ல" என்று எழுதி, சமூக நல அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசு உதவி வாங்கலன்னு எழுதணுமாம். எனக்கு ரேஷன் கார்டு இருக்கு, ஃப்ரீ பஸ்ல போறேன். பொய் சொன்ன மாதிரி ஆகாதா?

ரேஷன் அரிசியும் டவுன் பஸ்ஸும் ஊரில் பலரும் வாங்குவது. அதைக் காட்டி யாரையும் தள்ளியதாக நான் பார்த்ததில்லை. இங்கே பேச்சு, தையல் மெஷின், தொழில் மானியம், 40 வயதுக்கு மேல் வரும் ஓய்வூதியம் மாதிரியானவை பற்றி. வாங்கியிருந்தால் மறைக்காதீர்கள். "இந்த ஆண்டு தையல் மெஷின் பெற்றேன், அதை வைத்து இத்தனை பேருக்கு வேலை கற்றுக்கொடுத்தேன்" என்று எழுதுங்கள். எடுப்பதும் விடுவதும் அவர்கள் பாடு.

எனக்கு இந்த நிபந்தனை மேல் வருத்தம் உண்டு. பதினைந்து வயதில் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளை, அரசு கொடுத்த மெஷினைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அது முன்னேற்றம் இல்லையா? திட்டத்தைத் தருவதும் அரசு, அந்தத் திட்டத்தைத் தொட்டவரை ஒதுக்குவதும் அரசு. விதியை எழுதியவர் யார் கையையும் பிடிக்காமல் தானே எழுந்து நின்ற ஒருத்தியை மனதில் வைத்திருக்கிறார். அப்படி எழுந்து நின்ற யாரையும் நான் பார்த்ததில்லை. என் கடைக்கு முதல் மெஷின் வாங்கப் பணம் கொடுத்தது என் அம்மா, அதாவது என்னைத் தத்தெடுத்த திருநங்கை அம்மா.

அஞ்சு பேருக்கு உதவுனேன்னு எப்படிக் காட்டுறது? எனக்கு அவங்ககிட்ட பில்லு கிடையாதே.

பில் வேண்டாம். உங்கள் ஓட்டலில் வேலை பார்த்தவர் என்றால் சம்பள நோட்டுப் பக்கம் போதும். வீட்டில் தங்க வைத்துப் படிக்க வைத்தீர்கள் என்றால் பள்ளியில், கல்லூரியில் பாதுகாவலர் என்று நீங்கள் போட்ட கையெழுத்து இருக்கும். எதுவும் இல்லாவிட்டால் அந்த ஐந்து பேரும் தங்கள் கைப்பட ஆளுக்கு ஒரு பக்கம் எழுதலாம். "அக்கா நல்லவங்க" என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். "2019இல் நான் கடை கேட்டு அலைந்தபோது அட்வான்ஸ் கொடுத்தார், இப்போது நான் மூன்று பேருக்கு வேலை தருகிறேன்" என்று எழுதினால் படிப்பார்கள்.

ஒன்று கவனியுங்கள். அந்த ஐந்து பேரில் யாராவது, தான் திருநங்கை என்று வேலை இடத்தில் சொல்லாதவராக இருக்கலாம். அவர் பெயரும் போட்டோவும் அரசு ஃபைலில் போகும். கேட்டுவிட்டுச் சேருங்கள்.

போலீஸ் சர்டிபிகேட் கேக்குறாங்க. என் மேல பழைய 75 கேஸ் ஒண்ணு இருக்கு, போச்சா?

வேறு மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்கிறேன், 75 கேஸ் என்பது நகரக் காவல் சட்டத்தின் 75ஆம் பிரிவு. பொது இடத்தில் தொந்தரவு என்று போடுவது. இரவில் பஸ் ஸ்டாண்டில் நின்றதற்கே வாங்கிய திருநங்கைகள் என் வயதில் நிறையப் பேர். அபராதம் கட்டி முடிந்த வழக்கும், நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் வழக்கும் ஒன்று இல்லை. முதலில் உங்கள் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுத் தீர்ப்பு நகலை வாங்குங்கள். இலவச சட்ட உதவி மையம் ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள்.

நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள், தனியாகப் போகாதீர்கள். இதற்கும் நல்லவள் என்று பெயர் வாங்குவதற்கும் சம்பந்தம் இல்லை. நம்மைப் பிடித்துக் கேஸ் போட்டவர்களிடமே கேஸ் இல்லை என்று எழுதி வாங்க வேண்டியிருக்கிறது. கசப்புதான், ஆனாலும் வாங்கியாக வேண்டிய காகிதம்.

ஆதார்ல பழைய பேரு, அட்டையில புதுப் பேரு. சான்றிதழ்ல எந்தப் பேரு வரும்?

விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் பெயர் வரும், அதை நிரூபிக்கும் காகிதம் இருந்தால். காசோலை வங்கிக் கணக்கில் உள்ள பெயருக்கு வரும். இரண்டும் வேறாக இருந்தால் விருது வாங்கிய மறுநாளே வங்கியில் நிற்க வேண்டியிருக்கும். அதனால் முதலில் மாவட்ட ஆட்சியர் தரும் திருநர் அடையாளச் சான்றுக்கு ஆன்லைனில் போட்டு வாங்குங்கள். அதை வைத்து ஆதார், பிறகு வங்கி. விருது அறிவிப்பு வந்த பிறகு இதை ஆரம்பித்தால் நேரம் போதாது, ஆடி மாதமே ஆரம்பியுங்கள்.

நான் திருநம்பி. பேரே "சிறந்த திருநங்கை விருது"ன்னு இருக்கே, நான் போட்டா தூக்கிப் போட்ருவாங்களா?

பேர் அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு வந்த அறிவிப்புகளில் 'மூன்றாம் பாலினருக்கான முன்மாதிரி விருது' என்று வருகிறது, அதில் நீங்களும் அடக்கம். போடுங்கள். "ஐந்து திருநங்கைகளுக்கு உதவியிருக்க வேண்டும்" என்று விதி சொல்லும் இடத்தில் திருநம்பிகளுக்கு உதவியதை எழுதிவிட்டு, கீழே ஒரு வரி விளக்கம் போட்டுவிடுங்கள். யாராவது ஒருவர் போட்டுத்தான் அந்த வரி மாறும். திருநம்பிகள் கண்ணில் படுவதே இல்லை என்பது நம் கூட்டத்துக்குள்ளேயே உள்ள குறை. பாதி நேரம் நாங்களே உங்களைப் பற்றிப் பேசுவதில்லை.

கே, லெஸ்பியன், இன்டர்செக்ஸ் ஆளுங்களுக்கு அரசு விருது உண்டா?

தனியாக இல்லை. மேலே சொன்னது திருநருக்கு மட்டும். இடைபால் மக்களைப் பொறுத்தவரை தமிழ்நாடு செய்த ஒரு பெரிய காரியம் விருது இல்லை, தடை. 2018இல் தூத்துக்குடியில் கோயிலில் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஆணும் திருநங்கையும், பதிவுத் துறை பதிய மறுத்ததும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் திருமணத்தைப் பதியச் சொன்னார். அதே தீர்ப்பில், இடைபால் குழந்தைகளுக்குப் பிறந்ததுமே செய்யும் 'சரிசெய்யும்' அறுவை சிகிச்சையை நிறுத்தவும் சொன்னார். அந்த ஆகஸ்டில் அரசாணை வந்தது, உயிருக்கு ஆபத்து என்றால் தவிர செய்யக் கூடாது என்று. இந்தியாவில் முதலில் இதைச் செய்தது நாம்தான்.

தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கு அரசு மேடை இன்னும் தூரம். தன்பாலுறவைக் குற்றம் என்று வைத்திருந்த 377ஆம் பிரிவு பற்றிய தீர்ப்பு 2018 செப்டம்பர் 6இல் வந்தது. குற்றம் இல்லை என்று ஆனது, அவ்வளவுதான். கொண்டாடுவதற்கு மேடை வேண்டும் என்றால் அது நம் சங்கங்கள் கொடுக்கும் விருதுதான். அதனால்தான் அந்த விருதுகளைச் சின்னது என்று சொல்ல மாட்டேன்.

பத்மஸ்ரீ எல்லாம் நமக்கு வருமா? சும்மா கேக்குறேன்.

சும்மா இல்லை, வந்திருக்கிறது. மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பரதம் கற்றவர். 2011இல் சங்கீத நாடக அகாடமி விருது, 2019இல் பத்மஸ்ரீ. திருநர் ஒருவருக்குப் பத்ம விருது வந்தது அதுதான் முதல் தடவை. 2021இல் கர்நாடகத்தின் ஜோகதி நடனக் கலைஞர் மஞ்சம்மா ஜோகதிக்கு. குடியரசுத் தலைவர் கையால் வாங்கும்போது முந்தானையால் அவருக்குத் திருஷ்டி கழித்தாரே, அவர்தான். இருவருக்கும் கிடைத்தது கலைக்காக. "திருநங்கையாக இருந்ததற்காக" கிடைத்தது இல்லை. அந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை.

யார் வேண்டுமானாலும் யாரையும் ஆன்லைனில் பரிந்துரைக்கலாம், தன்னைத்தானே பரிந்துரைக்கவும் தடை இல்லை. செய்த பணியை 800 சொல்லுக்குள் எழுத வேண்டும். பணம் கிடையாது. பெயருக்கு முன்னால் பட்டம் போலப் போட்டுக்கொள்ளவும் கூடாது. விசிட்டிங் கார்டில் போடக் கேட்டு ஒருவர் கடைக்கு வந்தார் (விருதே வாங்காதவர்), அது வேறு கதை.

ஒரு ட்ரஸ்ட்ல இருந்து போன் வந்துச்சு. சாதனைத் திருநங்கை விருதாம், கௌரவ டாக்டர் பட்டமும் உண்டாம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டணுமாம். கட்டலாமா?

கட்டாதீர்கள்.

எந்த ஊர் விருதுக்கும் வாங்குபவர் காசு கட்டுவதில்லை. ஹால் வாடகை, மெமென்டோ, வீடியோ என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது வியாபாரம். கௌரவ டாக்டர் பட்டம் பல்கலைக்கழகம் கொடுப்பது, ட்ரஸ்ட் கொடுப்பது இல்லை. நம் ஆட்களைக் குறிவைத்து இது ஏன் நடக்கிறது என்று யோசித்திருக்கிறேன். வீட்டில் ஒரு நல்ல வார்த்தை கேட்காதவருக்கு மேடையில் மாலை போடுகிறேன் என்றால், வளையலை அடகு வைத்தாவது கட்டிவிடுவார். என்னிடம் பணம் கட்ட வந்த ஒருத்தியைத் திருப்பி அனுப்பியபோது, "உனக்குப் பொறாமை" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடையில் போய்க் கட்டினாள்.

எங்க அக்காவுக்குத் தெரியாம நானே அவங்க பேரப் போட்டு சர்ப்ரைஸா விருது வாங்கித் தரலாமா?

வேண்டாம். நல்ல மனசோடு கேட்கிறீர்கள், ஆனாலும் வேண்டாம். எங்கள் ஊரில் ஒரு அமைப்பு இப்படித்தான் செய்தது. விருது பெறுபவர்கள் முகத்தைப் பெரிய ஃபிளெக்ஸில் போட்டு பஸ் ஸ்டாண்டில் வைத்தார்கள். அதில் ஒருத்தி ஒரு தெருவில் பெண்ணாக வீடு எடுத்து, ஆறு வருடமாகப் பால் பாக்கெட் கடையில் வேலை பார்த்து, யாருக்கும் சொல்லாமல் இருந்தவள். ஹவுஸ் ஓனர் அந்த வாரமே காலி செய்யச் சொன்னார். ஃபிளெக்ஸ் மூன்று நாளில் இறங்கிவிட்டது, அவளுக்கு வீடு கிடைக்க நான்கு மாதம் ஆனது.

பெயரையும் படத்தையும் அச்சில் போடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உகாண்டாவின் டேவிட் கட்டோவைச் சொல்லலாம். 2010இல் ஒரு பத்திரிகை தன்பாலீர்ப்பாளர்கள் என்று பலர் பெயரையும் படத்தையும் போட்டு, தூக்கில் போடச் சொன்னது. கட்டோ வழக்குப் போட்டு ஜெயித்தார். தீர்ப்பு வந்த சில வாரத்தில், 2011 ஜனவரி 26 அன்று, வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். பிறகு உலக அளவில் பால்புதுமையர் உரிமைக்காக ஒரு விருதை அவர் பெயரிலேயே ஏற்படுத்தினார்கள்.

அந்த மாதிரி வெளிநாட்டு விருதுக்கு நம்ம ஆளுங்க போக முடியுமா?

முடியும். அவற்றுக்குப் பெரும்பாலும் அமைப்புகள் வழியாகப் பரிந்துரை போகும். இன்னொரு பழைய விருது 1994இல் ஆரம்பித்தது, பெலிப்பா டி சோசா என்ற பெண்ணின் பெயரில். 1590களின் தொடக்கத்தில் பிரேசிலில், பெண்களைக் காதலித்ததற்காகச் சமய விசாரணை மன்றம் அவரைச் சவுக்கால் அடித்து நாடு கடத்தியது. வெளியே விருதுகளுக்கு அடிபட்டவர்கள் பெயரை வைக்கிறார்கள். நம்முடையதில் 'சிறந்த', 'முன்மாதிரி'. எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது.

நான் திருநர் இல்ல, ஆனா பத்து வருஷமா கூடவே நிக்கிறேன். எனக்கு விருது குடுத்தா வாங்கலாமா?

அரசு விருது உங்களுக்கு இல்லை. சங்கங்களில் தோழமை விருது என்று ஒன்று வைப்பார்கள், வாங்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள், பேச்சை இரண்டு நிமிடத்தில் முடியுங்கள். தோழர்கள் பேசி முடிப்பதற்குள் திருநங்கைகள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போன விழாக்கள் உண்டு.

பெற்றோருக்குக் கொடுப்பதை மட்டும் நான் தனியாக வைப்பேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன ஒரு அப்பா, நூறு கூட்டத்தில் பேசியவரைவிடப் பெரிய ஆள்.

விருது வாங்குனா வேலை, இட ஒதுக்கீடு ஏதாவது கிடைக்குமா?

கிடையாது. விருது தனி, ஒதுக்கீடு தனி. 2015 முதல் தமிழ்நாட்டில் திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை ஒன்றைப் பிடித்தால் மற்றொன்றை விட வேண்டும் என்பதுதான் அதிலுள்ள சிக்கல். எல்லாப் பிரிவுக்குள்ளும் திருநருக்கு ஒரு பங்கு, அதாவது கிடைமட்ட இட ஒதுக்கீடு வேண்டும் என்று கிரேஸ் பானு போன்றவர்கள் கேட்பது அதனால்தான்.

ஆனால் சான்றிதழுக்கு வேறு பயன் உண்டு. வீடு வாடகைக்குக் கேட்கும்போது, வங்கி மேனேஜரைப் பார்க்கும்போது, ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும்போது, முதலமைச்சர் பக்கத்தில் நிற்கும் போட்டோ வேலை செய்யும். வெட்கப்படாமல் லேமினேட் செய்து பையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

எங்க ஊர்லயே நாங்க ஒரு விருது விழா நடத்தப் போறோம். என்ன பண்ணணும், என்ன பண்ணக் கூடாது?

முதலில் யாருக்கு என்று யோசியுங்கள். மேடை ஏறிப் பேசத் தெரிந்தவர்களுக்கே எல்லா விருதும் போகிறது. ஜி.எச்.சில் யாரும் வராத உடலுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கி அடக்கம் செய்பவர் ஒருத்தி இருப்பாள். ஓடிவந்த பிள்ளைக்கு முதல் ராத்திரி சோறு போட்டவள் இருப்பாள். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை தீர்வதற்குள் எல்லாரையும் போன் போட்டு எழுப்பி அனுப்புபவள் இருப்பாள். அரசுப் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை. உங்கள் விருதுக்கு வேலையே அதுதான். தேர்ந்தெடுக்கும் குழுவில் ஒரே ஜமாத்தை (திருநங்கைகளின் குடும்பக் குழுவை) சேர்ந்தவர்களைப் போடாதீர்கள், அப்புறம் பஞ்சாயத்து ஒரு வருடம் ஓடும். திருநம்பி ஒருவர், லெஸ்பியன் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

அப்புறம் செலவு. சால்வை வாங்கும் காசில் பஸ் கட்டணம் கொடுங்கள், வீட்டில் இருபது சால்வை வைத்திருப்பவர்களைத் தெரியும். ராத்திரி விழா என்றால் தங்க இடம் பாருங்கள், லாட்ஜில் நம்மை ஏற்ற மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பெயரை எப்படி எழுத வேண்டும், போட்டோ எடுக்கலாமா, நெட்டில் போடலாமா என்று மூன்று கேள்வியும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஏன் என்று மேலே ஃபிளெக்ஸ் கதையில் சொல்லிவிட்டேன். கம்பெனி ஸ்பான்சர் வந்தால் வாங்கலாம், ஆனால் அந்தக் கம்பெனியில் நம் ஆள் யாராவது வேலை பார்க்கிறாரா என்று ஒரு தடவை கேளுங்கள். பதில் வரும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

குடுக்குறாங்க, ஆனா எனக்கு வேணாம். மறுத்தா தப்பா?

தப்பு இல்லை. கொடுப்பவர் கொள்கை பிடிக்கவில்லை, மேடையில் ஏற மனசு இல்லை, வீட்டில் தெரியக் கூடாது, எந்தக் காரணமும் சொல்லாமல் மறுக்கலாம். அழைப்பிதழ் அச்சாவதற்கு முன்னால் சொல்லிவிட்டால் நல்லது.

இறந்துபோனவங்களுக்குக் குடுக்க நினைக்கிறோம். யார் கையில குடுக்கிறது? பெத்த வீடா, மகளா?

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி. நம் வழக்கத்தில் குருவுக்குப் பிறகு சேலா, அதாவது சிஷ்யை, அம்மாவுக்குப் பிறகு தத்து மகள். கடைசிக் காலத்தில் மருந்து கொடுத்தது, குளிப்பாட்டியது எல்லாம் அந்த மகளாக இருக்கும். சட்டத்தின் கண்ணில் அவள் யாரும் இல்லை. பெற்ற வீடு இருபது வருடம் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, சாவுக்குப் பிறகு வரும். சில நேரம் சொத்துக்கு வரும், சில நேரம் நிஜமாகவே அழுதுகொண்டு வரும். விருதுக்கு வாரிசுச் சான்று தேவையில்லை, அதனால் இங்கேயாவது நம் வழக்கப்படி செய்யலாம். மகள் கையில் கொடுங்கள். அந்த வீட்டாரையும் கூப்பிட்டு முன் வரிசையில் உட்கார வையுங்கள், வருவதும் வராததும் அவர்கள் விருப்பம்.

எங்கள் ஊரில் அப்படித்தான் ஒரு மூத்த திருநங்கைக்குக் கொடுத்தோம். பெற்ற வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. ஆறு மாதம் கழித்து அவருடைய தம்பி கடைக்கு வந்தார். அந்தச் சான்றிதழில் ஒரு கலர் ஜெராக்ஸ் கிடைக்குமா என்றார். மகளுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, என்னிடம் இருந்த ஸ்கேனிலிருந்து எடுத்து லேமினேட் செய்து கொடுத்தேன். பெயரை ஒருமுறை படித்துப் பார்த்தார். அவர்கள் வீட்டில் கூப்பிட்ட பெயர் அதில் இல்லை. ஒன்றும் சொல்லாமல் பைக்குள் வைத்துக்கொண்டு, எவ்வளவு ஆச்சு என்று கேட்டார்.